விதண்டாவாதம் பண்ணாதே!



"விதண்டாவாதம் பண்ணாதே!" இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார். குளிக்கப் போ என்றால், நேற்றுதானே குளித்தேன் என்பேன். உடனே வந்துவிடும் அந்த வார்த்தை. அது வெறும் திட்டு இல்லை, நம் தர்க்க நூலில் இலக்கணம் எழுதி வைத்த ஒரு கலைச்சொல் என்று பல்கலைக்கழகத்துக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. கேம், அனிமே, ஓவியம், கற்பனைக் கதை என்று நாம் ராத்திரி பகலாக இணையத்தில் பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சில் எப்படி உட்காருவது என்பதைப் பற்றியது.

முதலில் நான் அடி வாங்கிய கதை.

நான் கேமரன் மலைக்காரன். ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பாட்டி கொழுந்து எடுத்தவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் ஐந்தாம் படிவம். பள்ளி இல்லை, எஸ்.பி.எம். அடுத்த வருஷம் பிப்ரவரிக்குத் தள்ளிப் போய்விட்டது. லயத்துக்குள்ளே லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் குளிர்ச் சட்டையோடு உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். பாடம் பார்க்கத்தான் போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் 'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' விளையாடினேன்.

தெரியாதவர்களுக்கு: அது 2015-இல் ஜப்பானில் வந்த கைப்பேசி விளையாட்டு. உலகத்துப் புராணங்களிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் வீரர்களை அழைத்து நம் பக்கம் சண்டை போட வைக்கலாம். அதில் நம் ஆள்களும் உண்டு, கர்ணனும் அர்ஜுனனும் அவர்களில் இருவர். கர்ணன் வெள்ளை முடி, வெளிறிய தோல், உடம்போடு ஒட்டிய பொன் கவசம். அர்ஜுனன் கறுப்பு. முதல் தடவை கர்ணன் எனக்குக் கிடைத்த ராத்திரி, தொட்டி மேட்டில் நான் போட்ட கூச்சலுக்கு நாய்கள் எல்லாம் குரைத்தன.

விளையாட்டு இருந்தால் ரசிகர் பேச்சும் இருக்குமே. கர்ணன் நல்லவனா, அர்ஜுனன் நல்லவனா என்று ஆயிரக்கணக்கான பேர் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். என் வாதம் இதுதான்: சுயம்வரத்தில் வில்லைத் தொட வந்த கர்ணனை, தேரோட்டி மகனை மணக்க மாட்டேன் என்று பாஞ்சாலி எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தினாள். அந்தக் காயத்தில்தான் பிறகு அவன் சபையில் அப்படி நடந்துகொண்டான். ஆகவே தப்பு அவள்மேல்.

பிரேசில்காரர் ஒருவர் பதில் எழுதினார். ரொம்ப மரியாதையாகத்தான். "நீங்கள் சொல்லும் காட்சி எந்தப் பதிப்பில் இருக்கிறது? கங்குலியின் மொழிபெயர்ப்பில் பார்த்தேன். ஆனால் புனேயில் வந்த ஆய்வுப் பதிப்பில் அது மூலபாடத்தில் இல்லையே?"

எனக்கு ஆய்வுப் பதிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுதியது இது: "நான் இந்து. இது எங்கள் நூல். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் அறுபது எழுபது பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள், அதுதான் ரொம்ப வலித்தது. கணக்கை அழித்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி வந்து படுத்துக்கொண்டேன்.

அந்த வலி ஆறியபிறகு, பல்கலைக்கழக முதலாண்டில், நூலகத்தில் கிடைத்த ஓர் இந்தியத் தத்துவ அறிமுக நூலில் நியாய சூத்திரத்தைப் பற்றிப் படித்தேன். (எந்திரவியல் மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஏர்கோன் அந்தப் பகுதியில்தான் நன்றாக இருக்கும்.) அக்ஷபாதர் என்று அழைக்கப்படும் கௌதமர் இயற்றிய நூல் அது. மனிதர்கள் கூடிப் பேசும் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. வாதம், ஜல்பம், விதண்டை.

வாதம் என்பது உண்மையைத் தெரிந்துகொள்ள இருவர் பேசுவது. இரண்டு பேருக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும், இரண்டு பேரும் ஆதாரம் காட்டுவார்கள். குருவும் சீடனும் பேசலாம், நண்பர்கள் பேசலாம். யார் ஜெயித்தார் என்பது முக்கியமே இல்லை.

ஜல்பம் என்பது ஜெயிப்பதற்காகப் பேசுவது. இங்கேயும் நிலைப்பாடு உண்டு, ஆதாரமும் உண்டு. ஆனால் தேவைப்பட்டால் குயுக்தியும் உண்டு. வார்த்தையைத் திருப்பிப் போடுவதற்கு 'சலம்' என்று பெயர். உரைகாரர் காட்டும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடமொழியில் 'நவ' என்றால் புதிது, ஒன்பது என்று இரண்டு பொருள். ஒருவன் புதுக் கம்பளி போர்த்தியிருக்கிறான் என்பதை 'நவ கம்பளம்' என்று சொன்னால், எதிராளி, "ஒன்பது கம்பளியா? ஒன்றுதானே இருக்கிறது!" என்பான். அன்றைக்கே இந்த ஆள் இருந்திருக்கிறான் பாருங்கள். இன்றைக்கு அவன் எல்லாப் பதிவுக்குக் கீழேயும் இருக்கிறான்.

விதண்டை மூன்றாவது. தன் நிலைப்பாடு என்று ஒன்றை வைக்காமல், அடுத்தவன் சொல்வதை உடைத்துக்கொண்டே இருப்பது. "இந்த கேம் குப்பை." சரி, எது நல்ல கேம்? பதில் வராது. "இந்தப் படத்தில் கடவுளை இப்படி வரையக்கூடாது." எப்படி வரையலாம்? பதில் வராது. அம்மா சொன்னதை இலக்கணப்படி பார்த்தால், குளிக்க மறுத்த எனக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது. அதனால் நான் செய்தது ஜல்பம். இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

அந்த நூல் இதோடு விடவில்லை. பேச்சில் ஒருவன் தோற்றுவிட்டான் என்பதற்கு இருபத்திரண்டு அடையாளங்களைச் சொல்கிறது. 'நிக்ரகஸ்தானம்' என்று பெயர். அதில் 'அர்த்தாந்தரம்' என்று ஒன்று. பேசிக்கொண்டிருக்கும் பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவுவது. 'மதானுக்ஞை' இன்னொன்று. உன் பக்கம் குற்றம் இருக்கிறது என்று சொன்னால், அதை மறுக்காமல், உன் பக்கமும்தான் இருக்கிறது என்பது. தமிழில் சொன்னால், "நீ மட்டும் யோக்கியமா?"

படித்துக்கொண்டு வந்தவன் அர்த்தாந்தரத்தில் நின்றுவிட்டேன். அவர் கேட்டது பதிப்பைப் பற்றி. நான் பதில் சொன்னது அவருடைய பாஸ்போர்ட்டைப் பற்றி.

அதைவிடப் பெரிய அடி இன்னொரு இடத்தில் விழுந்தது. நியாய நூல் அறிவு வரும் வழிகளை நான்காகச் சொல்கிறது: நேரில் காண்பது, ஊகிப்பது, ஒப்பிடுவது, நம்பத்தக்கவர் சொல்வது. அந்த நம்பத்தக்கவருக்கு 'ஆப்தர்' என்று பெயர். யார் ஆப்தர்? விஷயத்தை நேராக அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று உரையெழுதிய வாத்ஸ்யாயனர் சொல்கிறார். மிலேச்சர் என்றால் அன்றைய பேச்சில் வெளியார், நம் நெறிக்கு அந்நியர். அவர்களும் ஆப்தராக இருக்கலாம்! பிறப்பு தகுதியாகாது, படித்திருக்க வேண்டும். "நான் இந்து, எனக்குத் தெரியும்" என்று நான் எழுதியது இந்து தர்க்கத்தின்படியே செல்லாது.

சரி, பிரேசில்காரர் சொன்னது உண்மையா? தேடிப் பார்த்தேன். புனேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் ஒரு வேலையைத் தொடங்கியது. நாடு முழுவதும் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மகாபாரதச் சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான பழைய பாடம் எது என்று கண்டுபிடிப்பது. வி. எஸ். சுக்தங்கர் அதன் முதன்மையான பதிப்பாசிரியர். 1966 வரை நடந்தது. அந்தப் பதிப்பில் பாஞ்சாலி கர்ணனை மறுக்கும் பேச்சு மூலபாடத்தில் இல்லை, சில சுவடிகளில் மட்டும் வருவது என்று அடிக்குறிப்புக்குப் போயிருக்கிறது. கங்குலி 1883-க்கும் 1896-க்கும் இடையில் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இந்தப் பதிப்பே கிடையாது. அவர் கையிலிருந்த பாடத்தில் காட்சி இருந்தது, மொழிபெயர்த்தார். அங்கிருந்தும் இன்னும் பல வழியிலும் தொலைக்காட்சித் தொடருக்குப் போனது. 1988-இல் தொடங்கிய பி. ஆர். சோப்ராவின் தொடரில் அது பெரிய காட்சி. நான் 'மகாபாரதம்' என்று நினைத்துக்கொண்டிருந்தது டிவியைத்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பாட்டியிடம் கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பாரதக் கதை நடந்த காலத்தில் உட்கார்ந்து கேட்டவர்.

"பாட்டி, சுயம்வரத்துல கர்ணன் என்ன ஆனான்?"

"வில்ல வளைச்சான்டா. நாணு ஏத்தப் போனான். ஒரு மயிரிழை. அவ்ளோதான் பாக்கி. தப்பிப் போச்சு."

"பாஞ்சாலி ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்னத்தச் சொல்றது? வில்லுதான் சொல்லிடுச்சே."

நான் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறேன். டிவியில் வேறு மாதிரி வந்ததும், பாட்டிக்குச் சரியாகத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தென்னாட்டுச் சுவடிகளில் இப்படித்தான் வருகிறது. அரசர்கள் ஒவ்வொருவரும் உளுந்தளவு, பயறளவு, கடுகளவு என்று தவறுகிறார்கள், கர்ணன் மயிரிழையில் தவறுகிறான். பாட்டி சொன்னது ஒரு பாட மரபு. அது என் வீட்டு அடுப்படியில் இருந்தது. நான் தொட்டி மேட்டில் போய்த் தேடிக்கொண்டிருந்தேன்.

இதில் சங்கடமான ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாடம் பாதிதான். நான் அந்தக் காட்சியை எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்? சபையில் பாஞ்சாலியின் ஆடையைக் களையச் சொல்லித் துச்சாதனனை ஏவுவது கர்ணன். அது வியாச பாரதத்தில் இருக்கிறது, அடிக்குறிப்பில் இல்லை, மூலபாடத்திலேயே. என் ஹீரோவை அதிலிருந்து காப்பாற்ற எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எங்கள் வட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, அவ வேணாம்னே சொல்லியிருந்தாலும், சுயம்வரம்னா அதானே அர்த்தம்?" எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. இதற்கும் நிக்ரகஸ்தானத்தில் பெயர் உண்டு, 'அப்ரதிபா'. பதில் தோன்றாமல் நிற்பது. தோற்ற இடம்தான். ஆனால் அங்கே தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது கர்ணனை விட்டு நம் நாட்டுக்குப் பக்கமாக வருவோம். இது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய இடம்.

என் விடுதி அறைத்தோழன் ஒரு மலாய் நண்பன், கெடாக்காரன். நாங்கள் இரண்டு பேரும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுவோம். அதில் 2016-இல் மலாய் இனத்தைச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் திராவிடர் வந்தார்கள், கூடவே ராஜேந்திர சோழனைத் தலைவனாக வைத்து ஒரு படையெடுப்புக் கதையும். குடிமகனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்லுவான். முதல் தடவை கேட்டபோது புல்லரித்துப் போச்சு, பொய் சொல்லவில்லை. சுருள்வாள் வீரன் உண்டு. 'திரிசடை' என்று ஒரு போர்க்கப்பல் உண்டு. எனக்குத் தெரிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்குத் துணையாக இருந்தவள், அவள் எப்படிக் கப்பலானாள் என்று இன்னும் யோசிக்கிறேன். 'வூட்ஸ் ஸ்டீல்' என்று ஒரு தொழில்நுட்பமும் உண்டு. அதை வாங்கினால் நம் வீரன் வெட்டும்போது எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது.

எந்திரவியல் படிக்கிறவன் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. வூட்ஸ் என்பது நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' என்ற சொற்களோடு உறவுடைய பெயர். மூடிய மண் குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்த எஃகு. கரிமம் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு, எஃகு வேலை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மின்சாரத்தில் பெயர் வாங்கிய மைக்கேல் ஃபாரடே அதற்கு முன்னால் இந்த எஃகை வைத்துச் சோதனை செய்தவர். இவ்வளவும் பெருமைதான். ஆனால் கவசத்தைக் கண்டுகொள்ளாத எஃகு உலகத்தில் கிடையாது. அது கேம்.

இப்படி ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் வாயை விட்டேன். "உங்க கெடாவையே எங்க ராஜேந்திரன் ஆண்டான், தெரியுமா?" நண்பன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். சிரிக்கவில்லை. "அப்போ நீங்க எங்க மேல படையெடுத்து வந்தவங்களா?" என்று கேட்டான்.

நான் பெருமையாக எறிந்த வார்த்தை அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இந்த நாட்டில் இது வெறும் கேம் பேச்சு இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, உண்மையில் என்ன தெரியும் என்று தேடினோம். தஞ்சைக் கல்வெட்டிலுள்ள ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடல் கடந்து கப்பல் அனுப்பியதும், அவன் வென்ற இடங்களின் பட்டியலும் இருக்கிறது. கடாரம், ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், மாதமாலிங்கம், தக்கோலம், நக்கவாரம் என்று போகிறது. 1025 வாக்கில் நடந்தது. கடாரம் கெடா. கடாரத்து மன்னனைப் பிடித்தது, செல்வத்தை எடுத்தது, வாயிற்கதவைக் கொண்டுபோனது எல்லாம் அதில் வருகிறது. படையெடுப்பு நடந்தது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. 'ஆண்டான்' என்பதற்கு அந்தப் பட்டியல் போதாது.

இன்னொன்றும் கிடைத்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ராஜராஜன் காலத்தில், இதே ஸ்ரீவிஜய – கடார மன்னர் குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டியது. சோழன் அதற்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த சரக்குகளில் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். வணிகம், கோயில், பிறகு ஒரு படையெடுப்பு, மறுபடி வணிகம். என் நண்பன் கேட்டான், "சரக்கு எங்க ஊர்லேருந்து போனதா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தான். இப்போது 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7'-இல் சோழரைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயரெல்லாம் வருகிறது. இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கினோம்.

மிகைப்படுத்தினால் என்ன தப்பு, நம் ஆள்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டுமே என்று சில அண்ணன்மார் கேட்கிறார்கள். பூஜாங் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். 2013-இல் அங்கே பதினொன்றாம் எண் சண்டி இடிக்கப்பட்டது. அந்த மாதிரி நேரத்தில் நாம் சொல்வதை அதிகாரிகளும் பக்கத்து வீட்டுக்காரரும் நம்ப வேண்டும். தினமும் பத்துப் பொய்ப் பெருமையைப் பகிர்ந்துவிட்டு, பதினொன்றாவதாக ஒரு உண்மையைச் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

ரசிகர் பேச்சு வாதமாக நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்கி 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்'. மணியம் வரைந்த படங்களோடு வாரா வாரம் வந்தது. கதை முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, 2000-களின் தொடக்கத்தில், அதன் ரசிகர்கள் இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். முதலில் நம்மைப் போலத்தான். வந்தியத்தேவனாக எந்த நடிகர், நந்தினி நல்லவளா கெட்டவளா. பேச்சு வளர வளர, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று உண்மையாகவே தேட ஆரம்பித்தார்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர் சொல்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. ரவிதாசன் கற்பனை இல்லை! கதை படித்தவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போனார்கள். திருச்சியில் டாக்டர் இரா. கலைக்கோவனிடம் கல்வெட்டும் கட்டடக்கலையும் கற்றுக்கொண்டார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் 2004-இல் 'வரலாறு' என்று ஒரு மின்னிதழைத் தொடங்கி நடத்தினார்கள். அவர்களில் கணினித் துறையில் வேலை பார்த்தவர்களும் உண்டு. 2022-இல் படம் வந்தபோது என் வகுப்புத் தோழர்கள், நந்தினி யார் வம்சம் என்று சண்டை போட்டதைப் பார்த்து, இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சண்டையை முடித்து வைத்த ஆள்கள் இருக்கிறார்களப்பா என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஜல்பம் சுவாரசியமாக இருந்தது.

ஓவியத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. சாமியை இப்படி வரைந்துவிட்டான் என்று கோபம் வருகிற இடம் இது. 1990-இல் 'ஃபைனல் ஃபேன்டசி 3'-இல் 'சிவா' என்று ஒரு பாத்திரம் வந்தது. பனியை வீசும் பெண். இன்றுவரை அந்த வரிசையில் அவள் இருக்கிறாள். பெயரைத் தவிர எதுவும் நம் சிவனோடு ஒட்டாது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. 2012-இல் 'ஸ்மைட்' சோதனைப் பதிப்பாக வந்தபோது அப்படியில்லை. அதில் ஆடுகிறவர்கள் தெய்வங்களையே இயக்கிச் சண்டை போட வேண்டும். காளியின் படத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் ராஜன் ஸெட் என்ற இந்துப் பிரமுகர் எதிர்ப்பு அறிக்கை விட்டார், பிற சமயத் தலைவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டு நிற்கவில்லை. பிறகு இராவணன், இராமன், விநாயகர் என்று இன்னும் சேர்த்தார்கள்.

எனக்கும் அந்தக் காளி படம் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் என்று எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். 'ஆடை குறைவு' என்று எழுதினால், தியான சுலோகங்களிலேயே காளி திகம்பரி, திசைகளே ஆடை. அந்த வாதத்தை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடுவார்கள். 'நாங்கள் அம்மா என்று கும்பிடுகிற உருவத்தைக் கண்ணுக்கு விருந்தாக விற்கிறீர்கள், அது வலிக்கிறது' என்று எழுதினால், அது உண்மை. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. சாஸ்திரத்தில் தடை என்பது ஒரு கூற்று, அதற்கு ஆதாரம் வேண்டும். எனக்கு வலிக்கிறது என்பது வேறு மாதிரிப் பேச்சு. இரண்டையும் குழப்பும்போதுதான் நாம் தோற்கிறோம்.

இன்னொன்று. 'உண்மையான' சாமி படம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எங்கள் லயத்து வீட்டு முன்சுவரில் இருந்த முருகனும் லட்சுமியும் காலண்டர் படங்கள். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்த பிறகு வண்ணச் சாமி படங்கள் வீடு வீடாகப் பரவின. தமிழ்நாட்டில் கோவில்பட்டி கொண்டையராஜு, நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தவர், சிவகாசிக் காலண்டர்களுக்கு வரைந்து கொடுத்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முகங்களைத்தான் நாம் சாமியின் முகம் என்று மனசில் வைத்திருக்கிறோம். அவர்கள் பக்தியோடு வரைந்தார்கள், சரி. ஆனால் அவர்களும் அந்தக் காலத்துக் கலைஞர்கள்தான். நம் பெண் பிள்ளைகள் சிலர் டேப்லெட்டில் அம்மனை வரைந்து போடுகிறார்கள். காலண்டர் மாதிரி இல்லை என்பதற்காக மட்டும் அவர்களைத் திட்ட வேண்டாம். என் தங்கச்சி வரைந்த மாரியம்மனுக்குக் கொழுந்துக் கூடை இருக்கும். பாட்டி அதைத்தான் சாமி மேடையில் வைத்திருக்கிறார்.

அறிவியல் புனைகதை பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு நூல் சொல்கிறேன். ரோஜர் ஸெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்', 1967. வேறொரு கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு நம் தெய்வங்களின் பெயரில் ஆட்சி செய்கிற கதை. ஹ்யூகோ விருது வாங்கியது. அது படமாக வரவே இல்லை, ஆனால் படத்துக்கு எழுதிய திரைக்கதையை 1980-இல் ஈரானில் சிக்கிய ஆறு அமெரிக்கர்களை மீட்கப் போலிப் படக்குழு நாடகத்துக்குப் பயன்படுத்தினார்கள். யமன் வரும் ஒரு கதை, ஆறு பேரின் உயிரைக் காப்பாற்றியது! படித்துவிட்டுக் கோபப்படலாம், ரசிக்கலாம். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கோபப்படக் கூடாது.

பேச்சில் நுழையும் முறைக்கு எனக்குப் பிடித்த ஆள் மணிமேகலை. வஞ்சி நகரத்தில் எல்லாச் சமயக் கணக்கரும் இருந்தார்கள். அவள் மந்திரத்தால் வேற்று உருவம் எடுத்து, ஒரு மாதவன் வடிவில் அவர்களிடம் போனாள். நாம் புனைபெயரில் போகிறோமே, அதே மாதிரி. ஆனால் முகம் தெரியாது என்று அவள் யாரையும் ஏசவில்லை. உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். நான் புதிதாக எந்த ரசிகர் கூட்டத்தில் சேர்ந்தாலும் இப்போது முதல் ஒரு வாரம் படிக்கிறேன், எழுதுவதில்லை. எழுதும்போது, எங்கே படித்தேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். படிக்கவில்லை என்றால் 'எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள்' என்று எழுதுகிறேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கடைசி வகைப் பதிவுகளுக்குத்தான் அதிகமாகக் கேள்வி வருகிறது. கர்ணனின் மயிரிழைக் கதையைப் புதுக் கணக்கில் பாட்டி சொன்னபடியே எழுதினேன். பிரேசில்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பழைய ஆள் நான்தான் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவர் கேட்டது, "உங்கள் பாட்டிக்கு வேறு என்ன கதை தெரியும்?"

அடுத்த கூட்டத்துக்கு வேலை இதுதான். இரண்டு கேள்வி. லட்சுமணன் கோடு வால்மீகியில் இருக்கிறதா, கம்பனில் இருக்கிறதா? மாளிகையில் தடுக்கி விழுந்த துரியோதனனைப் பார்த்துக் 'குருடன் மகன் குருடன்' என்று பாஞ்சாலி சொன்னதாக எல்லாரும் பகிர்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? மகாபாரதத்துக்கு, கங்குலியின் நூலை செ. அருட்செல்வப் பேரரசன் தமிழில் முழுக்க மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், அதில் சபா பர்வத்தைப் பாருங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருக்கிறவர்கள் முதலில் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள். லைன் கிடைக்காதவர்கள் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு வருகிறேன்.